மாரி மழையும் விருந்தும் சேர்ந்து வரும் ஆறு கிழமை

களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வயது 41, ஆசிரியை. ஆனி மாதம் எடுத்த இரத்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சீனி 118 என்று வந்திருக்கிறது. அந்தப் பயத்தில் நடக்கத் தொடங்கி, சோற்றைக் குறைத்து, 71 கிலோவில் இருந்து 66க்கு வந்துவிட்டார். இப்போது டிசம்பர். பள்ளிக்கூடம் லீவு. சுவிஸில் இருந்து அக்கா குடும்பம் வருகிறது. கணவரின் நண்பர்கள் வீடுகளில் நத்தார், பிறகு புதுவருசம், திருவெம்பாவை, பொங்கல். இதற்கு நடுவே விடாத மழை. "போன வருசமும் இப்படித்தான் அக்கா. டிசம்பரில் நடையை விட்டேன், சித்திரை வரைக்கும் சப்பாத்தைத் தொடவில்லை. இந்த முறை எப்படித் தப்புவது?" என்று கேட்கிறார்.

தங்கச்சி, நீங்கள் கேட்ட நேரம் நல்ல நேரம். பெரும்பாலானவர்கள் இதைத் தை மாதக் கடைசியில், எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் கேட்பார்கள். நான் தாதியாகப் பல வருடம் கிளினிக்கில் வேலை பார்த்தவள். வருடத்தின் முதல் கிளினிக் நாட்களில் கொப்பியைத் திறந்தால் நவம்பரில் இருந்ததைவிடச் சீனியும் ஏறியிருக்கும், பிரஷரும் ஏறியிருக்கும். ஏன் என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்: "நத்தார் வந்தது, பொங்கல் வந்தது, மழை வந்தது, மிஸ்."

முதலில் நீங்கள் செய்து முடித்தது எவ்வளவு பெரிய காரியம் என்று சொல்லிவிடுகிறேன். 71 கிலோவில் 5 கிலோ என்றால் ஏழு சதவீதம். அமெரிக்காவில் உங்களைப் போலச் சீனி எல்லைக்கோட்டில் இருந்தவர்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு செய்து 2002இல் வெளியிட்டார்கள். அதில் உடல் எடையில் ஏழு சதவீதம் குறைப்பது, கிழமைக்கு 150 நிமிடம் நடப்பது என்ற இரண்டையும் இலக்காக வைத்து நடந்தவர்களுக்கு நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. சீனியைக் குறைக்கும் மெட்போமின் குளிசை எடுத்தவர்களுக்கு 31 சதவீதம்தான் குறைந்தது. அந்த இலக்கை நீங்கள் தொட்டுவிட்டீர்கள். ஆகவே இந்த ஆறு கிழமையில் உங்களுக்கு ஒரே ஒரு வேலைதான்: 66ஐ 66ஆக வைத்திருப்பது. இன்னும் குறைக்கப் பார்க்காதீர்கள். வீட்டில் பலகாரம் சுடும் மாதத்தில் எடை குறைக்கத் திட்டம் போடுகிறவர், மூன்றாம் நாள் ஒரு துண்டு கேக் சாப்பிட்டதும் "சரி, எல்லாம் போச்சு" என்று விட்டுவிடுகிறார். காத்துக்கொள்வதுதான் இலக்கு என்றால் ஒரு துண்டு கேக் அதை உடைக்காது.

ஒரு கணக்குப் பாருங்கள். டிசம்பர் முதலாம் திகதியில் இருந்து பொங்கல் வரைக்கும் 46 நாள். மூன்று வேளை என்றால் 138 சாப்பாடு. இதில் உண்மையான விருந்து எத்தனை? அக்கா வந்து இறங்கும் நாள், நத்தார் மதியம், இரவு ஒன்று, புதுவருசம், பொங்கல், பிறகு உறவினர் வீடுகளில் நாலைந்து. மார்கழியில் கலியாண வீடும் இல்லை. தாராளமாக வைத்தாலும் பன்னிரண்டு. மற்ற 126 வேளையும் சாதாரணச் சாப்பாடு. எடை ஏறுவது அந்தப் பன்னிரண்டில் இல்லை. நத்தார் முடிந்து மேசையில் மூடி வைத்த கேக் பெட்டி, பொங்கலுக்குச் சுட்டு மிஞ்சிய முறுக்கு ரின், மழை நாளில் சும்மா இருக்கும்போது வாய்க்குள் போகும் அரியதரம், இவற்றில்தான் ஏறுகிறது. ஆகவே விருந்துக்குப் போனால் மனம் நிறையச் சாப்பிடுங்கள். அடுத்த நாள் காலையில் வழமைக்குத் திரும்புங்கள். நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான், மற்றதெல்லாம் இதை எப்படி நடத்துவது என்ற விளக்கம்.

இந்தக் காலத்தில் ஏறுவது எவ்வளவு என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 195 பேரின் எடையை விடுமுறைக் காலத்துக்கு முன்னும் பின்னும் எடுத்தார்கள். சராசரியாக ஏறியது 0.37 கிலோ. அரைக் கிலோகூட இல்லை. ஆனால் அந்தக் கொஞ்சம் பிறகு இறங்கவில்லை என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது. ஒவ்வொரு வருசமும் அப்படியே தங்கிக்கொண்டு போனால் பத்து வருசத்தில் என்ன ஆகும் என்பதை நம் வீட்டுக் கலியாண ஆல்பத்தைத் திறந்தாலே பார்க்கலாம்.

இங்கிலாந்தில் 272 பேரை இரண்டாகப் பிரித்து நத்தார் காலத்தில் இன்னோர் ஆய்வு செய்தார்கள், 2018இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்குக் கிழமைக்கு இரண்டு முறையாவது எடை பார்க்கச் சொன்னார்கள். சாப்பாட்டுப் பழக்கம் பற்றிப் பத்துச் சின்ன அறிவுரை கொடுத்தார்கள். நத்தார்ப் பலகாரம் ஒவ்வொன்றையும் சாப்பிட்டால் எவ்வளவு நடக்க வேண்டும் என்று ஒரு பட்டியலும் கொடுத்தார்கள். அவ்வளவுதான். கடைசியில் அவர்களுக்கும் மற்றப் பகுதியினருக்கும் ஏறக்குறைய அரைக் கிலோ வித்தியாசம் இருந்தது. பெரிய டயட் இல்லை, ஜிம் இல்லை. தராசைப் பார்த்ததும் கவனம் வந்ததும்தான் காரணம்.

வீட்டில் தராசு இல்லையென்றால் வாங்கச் சொல்லமாட்டேன். ஒரு பருத்தி நாடாவை எடுங்கள். காலையில் சாப்பிட முதல், மூச்சைச் சாதாரணமாக விட்டுக்கொண்டு, தொப்புள் மட்டத்தில் இடுப்பைச் சுற்றிப் பிடித்து, இரண்டு முனையும் சந்திக்கும் இடத்தில் பேனையால் ஒரு கோடு போடுங்கள். நாடாவை அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் தொங்கவிடுங்கள். திங்களும் வியாழனும் அதே இடத்தில் சுற்றிப் பாருங்கள். கோடு சந்தித்தால் சரி. சந்திக்காமல் இடைவெளி தெரிந்தால், அந்த மூன்று நாளும் கொஞ்சம் இறுக்கிப் பிடியுங்கள். தையல் அளவு நாடா இருந்தால் எண்ணையும் குறித்து வையுங்கள். நம் தெற்காசிய உடல்வாகுக்குப் பெண்களுக்கு 80 சென்றிமீற்றர், ஆண்களுக்கு 90 என்பதுதான் எல்லை. வெளிநாட்டுப் பட்டியல்களில் பார்க்கும் பெரிய எண்கள் நமக்குப் பொருந்தாது. ஒரே அளவு வயிற்றுச் சுற்றுக்கு நமக்குச் சீனி வருத்தம் முந்தி வருகிறது.

இனி மழைக்கு வருவோம், ஏனென்றால் நம் பக்கத்தில் நடையைக் கெடுப்பது விருந்தைவிட மழைதான். மற்ற ஊர்க்காரர் எழுதும் ஆலோசனைகளில் இது இருக்காது. நவம்பரில் இருந்து ஜனவரி வரைக்கும் வடகீழ்ப் பருவக்காற்று நம்மைப் போட்டு நனைக்கும். ஒழுங்கைகளில் முழங்கால் தண்ணீர் நிற்கும், வாவி நிரம்பும், சில வருடம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். 2011 ஜனவரி வெள்ளத்தை மட்டக்களப்பு, அம்பாறை என்ற நம் இரண்டு மாவட்டத்திலும் யாரும் மறந்திருக்க முடியாது.

நான் சாதாரண நாட்களில் கல்லடிப் பழைய பாலத்தில் நடப்பவள். 1924இல் கட்டிய லேடி மனிங் பாலம். 2013இல் பக்கத்தில் புதுப்பாலம் திறந்த பிறகு பெரிய வாகனங்கள் அதில் போய்விட்டன, பழையது நடக்கிறவர்களுக்கு நல்ல இடமாகிவிட்டது. கிட்டத்தட்ட 300 மீற்றர். ஐந்து முறை போய் வந்தால் மூன்று கிலோமீற்றர். ஆனால் மார்கழிக் காற்றில் அந்தப் பாலத்தில் குடை நிற்காது. 2011 வெள்ளத்தோடுதான் நான் விறாந்தையில் நடக்கப் பழகினேன். எங்கள் விறாந்தை நீளம் பன்னிரண்டு அடி வைப்பு. போய் வந்தால் இருபத்துநாலு. ஒரு சிரட்டையில் நாற்பது புளியங்கொட்டையை எண்ணிப் போட்டு ஒரு முனையில் உள்ள கதிரையில் வைப்பேன், பக்கத்தில் வெறும் சிரட்டை ஒன்று. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கொட்டையை மாற்றிப் போட வேண்டும். நாற்பதும் மாறி முடிந்தால் 960 அடி. கொஞ்சம் வேகமாக நடந்தால் நிமிடத்துக்கு நூறு அடி போகும், ஆகவே ஏறக்குறையப் பத்து நிமிடம். காலையில் ஒரு சிரட்டை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சிரட்டை, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. முப்பது நிமிடம் முடிந்துவிட்டது. எண்ணிக்கை மனதில் வைத்திருக்கத் தேவையில்லாததால் வானொலி கேட்கலாம், தேவாரம் சொல்லலாம். பேரப்பிள்ளைகள் கொட்டை மாற்றுவதற்காகவே கூட நடப்பார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கும் அந்தப் பத்து நிமிடத்தைச் சின்னதாக நினைக்காதீர்கள். சாப்பிட்டு ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்குள் இரத்தத்தில் சீனி உச்சிக்கு ஏறும். அந்த நேரத்தில் கால் தசை வேலை செய்தால், ஏறும் சீனியை அது இழுத்து எரித்துக்கொள்ளும். விருந்துக்குப் போன இடத்திலும் இதைச் செய்யலாம். சாப்பிட்டதும் கதிரையில் சாயாமல், "வாங்க, கடற்கரைப் பக்கம் போய் வருவோம்" என்று மச்சாளையும் எழுப்பிக்கொண்டு போங்கள். தவறாக யாரும் நினைக்கமாட்டார்கள்.

எத்தனை நாள் விடலாம் என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் கேள்விக்குள் அது இருக்கிறது. தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் விடாதீர்கள். உடற்பயிற்சி செய்தால் இன்சுலின் நன்றாக வேலை செய்யும் நிலை ஒன்று, இரண்டு நாள் வரைக்கும் நிற்கும், பிறகு மெல்லப் போய்விடும். மூன்றாம் நாள் ஒரே ஒரு சிரட்டையாவது நடந்துவிடுங்கள். உடலின் தாங்குதிறனைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். 1980களின் தொடக்கத்தில் நடந்த ஆய்வுகளில், நன்றாகப் பழகிய உடலுக்கு நேரத்தையும் வேகத்தையும் குறைக்காமல் கிழமைக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தாலே பதினைந்து கிழமை வரை அந்தத் திறன் நின்றது. கட்டி எழுப்புவதற்குத்தான் நிறைய உழைப்பு வேண்டும், தக்க வைக்க அவ்வளவு தேவையில்லை. போன வருசம் உங்களைக் கெடுத்தது டிசம்பரில் விட்ட நாட்கள் இல்லை. "விட்டுவிட்டேன், இனி வருசம் பிறந்து பார்ப்போம்" என்ற எண்ணம்தான் சித்திரை வரைக்கும் இழுத்தது.

நடையோடு தசைக்கும் வேலை கொடுங்கள், கிழமைக்கு இரண்டு நாள். கைப்பிடி இல்லாத கதிரையில் இருந்து கையை ஊன்றாமல் எழும்பி இருங்கள், பத்துத் தரம். சுவரில் கையை வைத்துச் சாய்ந்து தள்ளி நிமிருங்கள், பத்துத் தரம். கொஞ்சம் ஓய்வெடுத்து இரண்டையும் இன்னொரு முறை. இதற்கு மேல் உங்களுக்கு இப்போது தேவையில்லை.

மழைவிட்ட நேரம் வெளியே போகிறீர்கள் என்றால் காலைக் கவனியுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். வெள்ளத் தண்ணீரில் வெறுங்காலோடு நடந்து, கண்ணாடித் துண்டு குத்தியதே தெரியாமல் புண் பெரிதாகிய பிறகு வந்தவர்களின் காலுக்கு மருந்து கட்டியிருக்கிறேன். சீனி வருத்தம் நீண்ட நாள் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கும். உங்களுக்கு அந்த நிலை இல்லை, ஆனால் உங்கள் அம்மாவுக்கோ மாமிக்கோ இருக்கலாம். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கைத் துணியால் ஒற்றி உலர்த்த வேண்டும், இல்லாவிட்டால் சேற்றுப்புண் வரும். அம்பாறைப் பக்கத்தில் பெரும்போக வயலில் இறங்குகிறவர்களுக்குத் தனியாக நடை தேவையில்லை, வரம்பில் நடப்பதும் களை பிடுங்குவதுமே போதும். ஆனால் எலிக்காய்ச்சலுக்கான தடுப்புக் குளிசையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சேற்றில் நின்ற பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால் பனடோலோடு வீட்டில் படுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சரி, சாப்பாடு.

பண்டிகைக் காலத்தில் நம்மை அதிகம் கெடுப்பது எதுவென்று கேட்டால் புரியாணியைச் சொல்லமாட்டேன், தேத்தண்ணியைச் சொல்வேன். நாலு வீட்டுக்குப் போகிறீர்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தட்டம் வரும். அதில் ஒரு துண்டு ரிச் கேக், ஒரு துண்டு பட்டர் கேக், இரண்டு கொக்கிஸ், ஒரு றோல்ஸ், பக்கத்தில் ஏற்கனவே சீனி போட்டுக் கலக்கிய பால்தேத்தண்ணி. ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் இரண்டு தேக்கரண்டிச் சீனி என்றால் பத்துக் கிராம். நாலு வீட்டில் நாற்பது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25க்குள் இருந்தால் நல்லது என்கிறது. கேக்கைத் தொடும் முன்பே உங்கள் பங்கு முடிந்துவிட்டது.

வேண்டாம் என்று சொன்னால் வீட்டுக்காரருக்கு மனம் நோகும், எனக்கும் தெரியும். நம் ஊரில் கொடுத்ததைத் தொடாமல் எழும்புவது பெரிய பிழை. ஆகவே தேத்தண்ணி ஊற்ற முதலே சொல்ல வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அக்கா, எனக்குச் சீனி போடாத வெறுந்தேத்தண்ணி, இஞ்சி இருந்தா ஒரு துண்டு தட்டிப் போடுங்க" என்று கேளுங்கள். கேட்டு வாங்கிக் குடித்தால் அது உரிமை, யாருக்கும் நோகாது. தட்டத்தில் இருந்து ஒன்றை எடுங்கள், உங்களுக்கு உண்மையில் பிடித்த ஒன்றை. அதைப் பேசிக்கொண்டே மெல்லச் சாப்பிடுங்கள். வீட்டுக்காரர் பார்ப்பது உங்கள் கையில் பலகாரம் இருக்கிறதா என்றுதான், எத்தனை என்று இல்லை. "வருத்தம் ஏதும் வந்துட்டா?" என்று கேட்டால் "இல்ல, வராம இருக்கத்தான்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். நான் பார்த்த வரையில், அதைச் சொன்ன வீட்டில் அடுத்த முறை சீனி தனியாகக் கிண்ணத்தில் வந்தது.

பிள்ளைகளுக்குச் சோடா வாங்கும்போது போத்தலில் உள்ள நிற வட்டத்தைப் பாருங்கள். 2016இல் இருந்து நம் நாட்டில் கட்டாயம். நூறு மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2இல் இருந்து 11 வரை செம்மஞ்சள், அதற்குக் குறைவு பச்சை. செம்மஞ்சள் என்றதும் பரவாயில்லை என்று நினைக்க வேண்டாம், பத்துக் கிராம் இருந்தாலும் செம்மஞ்சள்தான். ஒரு பெரிய கிளாஸ் குடித்தால் இருபத்தைந்து கிராம் போய்விடும். இளநீர் வெட்டிக் கொடுங்கள், தேசிக்காயும் உப்பும் போட்டுக் கரைத்துக் கொடுங்கள்.

சர்க்கரையும் பனங்கட்டியும் கித்துள் பாணியும் சீனி வருத்தக்காரருக்கு ஆகும் என்றொரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. ஆகாது. நிறமும் மணமும் வேறு, இரத்தத்துக்குள் போனால் எல்லாம் சீனிதான். குரக்கனும் அப்படித்தான். நார் இருக்கிறது, நல்ல தானியம், ஆனால் அளவில்லாமல் சாப்பிட்டால் அதுவும் சீனியை ஏற்றும். மட்டக்களப்புத் தயிரைக் கைவிடச் சொல்லவில்லை. எருமைத் தயிர் கொழுப்புக் கூடியது, ஆனால் நம்மைக் கெடுப்பது அதற்கு மேல் ஊற்றும் பாணிதான். பாணிக்குப் பதில் நன்றாகப் பழுத்த கொய்யாவையோ பப்பாசியையோ துண்டு போட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள்.

விருந்துக் கோப்பையில் முதலில் சோறு போட்டால் மற்றதுக்கு இடம் இருக்காது. ஆகவே முதலில் மரக்கறியைப் போடுங்கள். பாதிக் கோப்பை கீரைச் சுண்டலும், பயிற்றங்காயும், கத்தரிக்காயும், சலாதும். கால்பங்கு மீன், இறால், கோழி, அல்லது பருப்பு. மிச்சக் கால்பங்கு சோறு, முடிந்தால் தவிட்டோடு உள்ள சிவப்பரிசி. நம் கரையில் மீனுக்கும் இறாலுக்கும் நண்டுக்கும் குறைவில்லை. அதைப் பொரிக்காமல் புளியாணமாக வைத்தால் எவ்வளவும் சாப்பிடலாம் என்றே சொல்வேன். இரவில் புட்டு என்றால் நீற்றுப்பெட்டியில் இருந்து கொட்டியதை எல்லோருக்கும் நடுவில் வைக்காமல் உங்கள் பங்கைக் கோப்பையில் எடுத்துக்கொண்டு பெட்டியைக் குசினியிலேயே விடுங்கள். நடுவில் இருந்தால் கதையோடு கதையாகக் கை போகும்.

விருந்துக்குப் போவதற்காகக் காலையில் பட்டினி கிடக்காதீர்கள். கொதிக்கும் பசியோடு போனால் எந்த அளவும் நிற்காது. காலையில் அவித்த கடலையோ பயறோ ஒரு கிண்ணம், ஒரு முட்டை, இது போதும். பயறும் கடலையும் மெல்லச் செரிக்கும், பசியைத் தள்ளிப் போடும்.

விரதம் பற்றியும் ஒரு வார்த்தை. பிள்ளையார் பெருங்கதை 21 நாளும் உங்கள் வீட்டில் பிடிப்பார்கள் என்று நினைக்கிறேன். விரதம் நல்லது. ஒரு நேரம் சாப்பிட்டு மனதைக் கட்டும் பழக்கம் நம் அம்மாமார் கொடுத்த பெரிய சொத்து. ஆனால் பகல் முழுக்க இருந்துவிட்டு மாலையில் மோதகமும் அவலும் சோறும் ஒன்றாகச் சாப்பிட்டால் விரதத்தால் வந்த பலன் உடலுக்குச் சேராது. வீட்டில் கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் என்ற சீனிக் குளிசைகளோ இன்சுலினோ எடுக்கிற யாராவது இருந்தால், சாப்பிடாமல் மருந்தைப் போட்டால் சீனி சட்டென்று இறங்கி மயங்கி விழக்கூடும். விரதம் தொடங்க முதலே டொக்டரிடம் கேட்டு நேரத்தையும் அளவையும் மாற்றிக்கொள்ள வேண்டும். தாங்களாக நிறுத்தவும் கூடாது. "பெருநாளைக்கு ஏன் குளிசை" என்று ஒரு கிழமை நிறுத்தியவர்களையும் கண்டிருக்கிறேன். லீவு நாட்களில் கிளினிக் திகதி வந்தால் முன்கூட்டியே கேட்டு மருந்தை எடுத்து வைத்துவிடுங்கள்.

திருவெம்பாவை பத்து நாளும் உங்களுக்கு வரப்பிரசாதம். விடியப்புறம் நாலு மணிக்குச் சங்கும் சேமக்கலமும் கேட்டதும் எழும்பிக் கோயிலுக்கு நடந்தே போய் வாருங்கள், மோட்டார் சைக்கிளில் ஏறாமல். உகந்தை வழியாகக் காட்டுக்குள் கதிர்காமத்துக்கு நாள்கணக்கில் நடந்து போகிற சனம் நாங்கள். கோயிலுக்கு நடப்பது நமக்கு உடற்பயிற்சி என்ற பெயர் இல்லாமலே வரும். ஆனால் நாலு மணிக்கு எழும்புகிறவர் இரவு ஒன்பதரைக்குப் படுக்க வேண்டும். நித்திரை குறைந்தால் அடுத்த நாள் பசி கூடும், அதுவும் இனிப்பைத்தான் தேடும். பிரசாதத்தைக் கையில் ஒரு பிடி வாங்கிக்கொள்ளுங்கள்.

டிசம்பர் 26 நம் கரையில் பண்டிகை நாள் இல்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு பல வீடுகளில் நத்தார் மாலையே அமைதியாகிவிடும். அன்றைக்கு நடை, அளவு, நாடா ஒன்றையும் யோசிக்க வேண்டாம். மனம் பாரமாக இருக்கும் நாளில் சாப்பாடு கூடினாலும் குறைந்தாலும் அது கணக்கில் இல்லை. முடிந்தால் கடற்கரையில் விளக்கேற்றப் போகிறவர்களோடு நடந்து போய் வாருங்கள்.

கணவரின் நண்பர்கள் குடிப்பார்கள் என்றால், கணவருக்கு இதைச் சொல்லுங்கள்: சாராயத்தில் உள்ள அற்ககோல் ஒரு கிராமுக்கு ஏழு கலோரி, அதோடு சேர்த்துச் சாப்பிடும் பொரியலும் மிக்ஸரும் அதற்கு மேலே இன்னும் கலோரி சேர்க்கும். விட்டால் நல்லது. விடமுடியாதென்றால் வெறும் வயிற்றில் வேண்டாம்.

கடைசியாக உங்கள் அக்கா. இந்தக் காலத்தில் சுவிஸ் நேரம் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால். நமக்கு இரவு பதினொரு மணி ஆகும்போது அவருடைய உடலுக்கு மாலை ஆறரை, நல்ல பசி நேரம். வெளிநாட்டில் இருந்து ஆட்கள் வந்தால் நம் வீடுகளில் நடுச்சாமத்தில் கொத்துரொட்டி வாங்கப் போவது இதனால்தான். முதல் ஐந்தாறு நாள் இப்படி இருக்கும். அவருக்கென்று இரவில் ஒரு சூப்போ, பயற்றங் கஞ்சியோ வைத்துக் கொடுங்கள், நீங்கள் பக்கத்தில் இருந்து வெறுந்தேத்தண்ணியோடு கதையுங்கள். கதைக்காகத்தானே முழித்திருக்கிறீர்கள். சூட்கேஸில் வரும் சொக்லட்டைத் திறந்த அன்றைக்கே பங்கு போட்டு அயல் வீடுகளுக்கும் உங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிடுங்கள். உங்கள் பங்குக்கு ஒரு பெட்டி, அதுவும் அலுமாரிக்கு மேலே.

அங்கே இருக்கிறவர்கள் நிறைய நடப்பார்கள், ரயிலுக்கும் கடைக்கும் நடந்து பழகியவர்கள். இங்கே வந்ததும் நாம்தான் அவர்களைக் கதிரையில் இருத்தி ஓட்டோ பிடித்துக் கொடுக்கிறோம். வந்த கிழமையில் காலையில் அவரால் எழும்ப முடியாது, எழுப்பாதீர்கள். பின்னேரம் ஐந்து மணிக்கு மழைவிட்டால் செருப்பைப் போடச் சொல்லுங்கள், களுவாஞ்சிகுடிக் கடற்கரை வரைக்கும் இரண்டு பேரும் போங்கள். மழை விடாவிட்டால் விறாந்தையில் இரண்டாவது சிரட்டை ஒன்றை வையுங்கள்.